அக்ரிலிக் தகடும் தச்சுக் கருவிகளும்: அறுப்பு முதல் ஓரம் முடிப்பது வரை

மரத்தை அறுத்துப் பழகிய கை முதன்முதலாக அக்ரிலிக் தகட்டைத் தொடும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. வாள் கடைசி அங்குலத்தை நெருங்கும் நேரத்தில் தகடு ‘டக்’கென்று விண்டு மூலை ஒன்று தரையில் விழும், அப்படி விழவில்லையென்றால், வாள் போன வழியிலேயே உருகிய பிளாஸ்டிக் மறுபடி உறைந்து, இரண்டு துண்டாகியிருக்க வேண்டிய தகடு ஒரே துண்டாகக் கையில் நிற்கும். இரண்டையும் பார்த்துவிட்டு, இதற்கென்று தனி இயந்திரங்கள் வேண்டும் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, லேசர் வெட்டும் கடைக்குத் தகட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பலர். ஆனால் ஒரு சாதாரண மரப்பட்டறையில் இருக்கும் டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்டவாள்), ஜிக்சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் கையியந்திரம்), டிரிம்மர் (சுழலும் பிட்டால் ஓரம் வெட்டும் சிறு கையியந்திரம்), அரம், சுரண்டு தகடு (பரப்பைச் சுரண்டிச் சீராக்கும் எஃகுத் துண்டு) ஆகியவற்றைக் கொண்டே கண்ணாடி போன்ற ஓரத்தை எடுக்க முடியும். பொருளின் குணத்தை அறிந்து, கருவியை ஓட்டும் விதத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் குணம் வெப்பத்தைப் பற்றியது. அக்ரிலிக்கும் மரத்தைப் போலவே வெப்பத்தைக் கடத்தாத பொருள்; பல்லின் உராய்வில் பிறக்கும் சூடு தகட்டுக்குள் பரவிப் போகாமல் வெட்டும் இடத்திலேயே தங்கிவிடுகிறது. மரம் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும், மிஞ்சிப் போனால் கருகும். அக்ரிலிக்கோ 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடுகிறது. 160 டிகிரி வாக்கில் ரப்பர் போல வளைகிறது. ஆகவே ஒவ்வொரு பல்லும் ஒரு சீவலை எடுத்து, அந்தச் சீவலோடு சூட்டையும் வெளியே கொண்டுபோக வேண்டும். பல் சீவாமல் தேய்த்தால், சூடு உள்ளேயே நிற்கும். வேலை சரியாகப் போகிறதா என்பதை எந்த நேரமும் சொல்லிக்கொண்டிருப்பது வாளிலிருந்து விழும் பொருள்தான். உலர்ந்த வெள்ளைத் துகளாகவோ சிறு சுருளாகவோ விழுந்தால் நல்லது. மாவாக விழுந்தால் தள்ளுவது மெதுவாக இருக்கிறது, அல்லது பல் மழுங்கிவிட்டது. நூல் நூலாகத் தொங்கி, பல்லில் பிசுபிசுத்து ஒட்டினால் உடனே நிறுத்த வேண்டும்.

தகட்டைத் தேர்ந்து வாங்குதல்

கடையில் ‘அக்ரிலிக்’ என்று கேட்டால் கிடைப்பது ஒரே பொருள் அன்று. பழைய கடைக்காரர்கள் சிலர் இன்றும் அதைப் பெர்ஸ்பெக்ஸ் என்பார்கள். அது 1930களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் வைத்த வணிகப் பெயர். தகட்டை உருவாக்கும் முறைகள் இரண்டு. இரு கண்ணாடிகளுக்கு நடுவே திரவமாக ஊற்றி இறுகவிடுவது காஸ்ட் வகை; உருக்கிய பிளாஸ்டிக்கைப் பிதுக்கி உருளைகளுக்கிடையே ஓட்டி எடுப்பது எக்ஸ்ட்ரூடட் வகை. மரக் கருவிகளால் வேலை செய்பவர் காஸ்ட் வகையையே வாங்க வேண்டும். அது துகளாக உதிர்கிறது, சூட்டையும் சற்று அதிகம் தாங்குகிறது, ஒட்டும் திரவம் பட்டாலும் எளிதில் வெடிப்பு விடுவதில்லை. எக்ஸ்ட்ரூடட் வகை விலை குறைவு. ஆனால் ஜிக்சாவின் கீழ் அது வெண்ணெயாக இளகி நம் பொறுமையைச் சோதிக்கும்.

காஸ்ட் வகையின் குறை அதன் கனம் சீராக இல்லாதது. 5 மி.மீ. என்று வாங்கிய தகடு ஓரிடத்தில் 4.6 காட்டும், இன்னோரிடத்தில் 5.1 காட்டும். பெட்டி போன்ற வேலைக்குக் கணக்குப் போடும் முன்பு, வெர்னியரை எடுத்து நான்கைந்து இடங்களில் அளந்துகொள்வது நல்லது. எடையையும் மனத்தில் கொள்ள வேண்டும்: அக்ரிலிக்கின் அடர்த்தி கண்ணாடியில் ஏறக்குறைய பாதிதான் என்றாலும், எட்டுக்கு நாலு அடித் தகடு 3 மி.மீ. கனத்திலேயே பத்தரைக் கிலோவுக்கு மேல் வரும். அதை ஒருவரே டேபிள் சாவில் தள்ளுவது உசிதமில்லை. முதலில் இருவர் சேர்ந்து பெரிய துண்டுகளாக்கிக்கொள்ள வேண்டும்.

குறிக்கும்போதே ஓரத்தை முடிவு செய்தல்

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம்: மரத்தில் செதுக்கிய ஒரு சிறு தேருக்கு, தூசி படாமல் இருக்க, 5 மி.மீ. காஸ்ட் தகட்டில் ஒரு மூடி. அகலமும் ஆழமும் 300 மி.மீ., உயரம் 400 மி.மீ. முன்னும் பின்னும் முழு அகலத் தகடுகள். பக்கத் தகடுகள் இரண்டும் அவற்றுக்கு நடுவே அடங்கும். மேல்தகடு நான்கின் மீதும் உட்காரும். கீழ் ஓரங்கள் மரப் பீடத்தில் வெட்டிய காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், இறங்கும். தகட்டின் உண்மையான கனம் 4.8 மி.மீ. என்று வெர்னியர் சொன்னால், பக்கத் தகட்டின் அகலம் 300-லிருந்து 9.6 கழித்து 290.4 மி.மீ. ஆகும், 290 என்று வைத்தால் மூடியின் ஆழம் 0.4 மில்லி மீட்டர் குறைந்து, மேல்தகடு அந்த அளவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

இந்த மூடியில் மூன்று வகை ஓரங்கள் இருக்கின்றன. இன்னொரு தகட்டோடு ஒட்டப்படும் ஓரம் சமதளமாகவும் நேர்கோணமாகவும் இருக்க வேண்டும். அதற்குப் பளபளப்புக் கூடாது. கண்ணில் படும் ஓரம் பளபளக்க வேண்டும். காடிக்குள் மறையும் ஓரம் நேராக இருந்தால் போதும். தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்திலேயே ஒவ்வொரு ஓரத்தின் பக்கத்திலும் ‘ஒ’, ‘ப’, ‘ம’ என்று, அதாவது ஒட்டு, பார்வை, மறைவு என்று, பென்சிலால் எழுதிவைத்துவிடுவேன். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, ஒட்ட வேண்டிய ஓரத்தைத் தெரியாமல் மெருகேற்றிவிட்டுத் தலையில் கைவைக்கும் நிலையிலிருந்து பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

மேற்காகிதத்தையோ பிளாஸ்டிக் உறையையோ வேலை முடியும்வரை உரிக்கக் கூடாது. கீறலிலிருந்து காப்பதோடு, கோடு போடுவதற்கும் அதுவே இடம். உறை ஏற்கெனவே உரிந்திருந்தால், வெட்டும் கோட்டின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

கீறி ஒடித்தல்

3 மி.மீ. வரை உள்ள தகட்டை நேர்க்கோட்டில் வெட்ட மின்கருவியே தேவையில்லை. அக்ரிலிக் கட்டர் என்று கேட்டால், அலகு போல வளைந்த நுனியுள்ள ஒரு கத்தி கிடைக்கும். அது காகிதம் வெட்டும் கத்தியைப் போலப் பிளக்காமல், பள்ளத்திலிருந்து பொருளைச் சீவி எடுக்கிறது. இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, முதல் இரண்டு இழுப்பை மென்மையாகவும், பின்னர் சற்றே அழுத்தியும், தகட்டின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். ஏழெட்டு இழுப்பில் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரும். பிறகு கீறல் மேல்நோக்கி இருக்க, அதை மேசையின் கூரான விளிம்புக்கு நேராக வைத்து, மேசை மேல் உள்ள பகுதியை ஒரு ரீப்பரால் (நீளமான மரச் சட்டத்தால்) அமுக்கிக்கொண்டு, வெளியே நீட்டியிருக்கும் பகுதியைக் கீழ்நோக்கி ஒரே வீச்சில் அழுத்தினால் சுள்ளி ஒடிவது போல ஒடியும். தயங்கித் தயங்கி அழுத்தினால் முறிவு கோட்டைவிட்டு ஓடிவிடும். ஒடிபடும் பகுதி மிகக் குறுகலாக இருந்தாலும் இதே கதிதான். கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இங்கே கட்டாயம், ஏனென்றால் ஒடிந்த ஓரம் கண்ணாடிச் சில்லுக்குச் சற்றும் குறைந்ததன்று.

வாள்களும் அவற்றின் போக்கும்

நம் தேர் மூடியின் 5 மி.மீ. தகட்டுக்கு டேபிள் சாவே சிறந்தது. 10 அங்குல வட்டவாளில் 80 கார்பைடு பல் இருப்பதைப் போட வேண்டும். 60-க்குக் கீழே இறங்கக் கூடாது. பல்லின் வடிவமும் முக்கியம். மரத்தைக் குறுக்கே அறுக்கும் வாளில் பற்கள் இடமும் வலமுமாகக் கூராகச் சாய்ந்திருக்கும். பிளாஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும் செய்த வாளில் ஒரு பல்லின் இரு மூலைகளும் சீவப்பட்டு, அடுத்த பல் தட்டையாக இருக்கும். முதல் பல் நடுவில் வழி திறக்க, இரண்டாவது பல் பக்கங்களைச் சீராக்குகிறது. அலுமினியச் சட்டம் அறுப்பவர்கள் பயன்படுத்தும் வாள் இந்த வகைதான் என்பதால், ஹார்ட்வேர் கடையில் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது எளிது.

மேசையில் வாள் வெளிவரும் துளை அகலமாக இருந்தால் தகட்டின் அடிப்பக்கம் சில்லு சில்லாகப் பெயரும். மேசை மேல் 6 மி.மீ. ஒட்டுப்பலகை ஒன்றை இறுக்கி, சுழலும் வாளை மெல்ல உயர்த்தி அதன் வழியாகவே துளையிட்டால், வாளின் கனத்துக்கு மேல் ஒரு மயிரிழைகூட இடைவெளி இராது. வழிகாட்டிச் சட்டத்துக்கும் மேசைக்கும் நடுவே இருக்கும் சந்து ஒன்றையும் கவனிக்க வேண்டும். மெல்லிய தகடு அதற்குள் நுழைந்து, வாள் நெரித்து, தகட்டை நம் வயிற்றைப் பார்த்து எறியும். சட்டத்தின் முகத்தில், மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி ஒரு நேரான ரீப்பரைப் பிடித்துவிட்டால் அந்தச் சந்து அடைபடும். வாளைத் தகட்டுக்கு மேல் ஏறத்தாழ 10 மி.மீ. உயர்த்திவைத்து, இடையில் நிறுத்தாமல், சீரான வேகத்தில் தள்ள வேண்டும். தயங்கி நின்ற இடத்தில் உருகிய வடு விழும். அவசரமாகத் தள்ளினால் ஓரம் பெயரும். சரியான வேகத்தில் வாளின் சத்தம் ஒரே சுருதியில் இருக்கும். கடைசி இரண்டு அங்குலத்தில் வேகத்தைக் குறைத்து, தள்ளுகட்டையால் துண்டு முழுவதும் வாளைத் தாண்டும்வரை தள்ள வேண்டும்; வெட்டு முடிந்த இடத்தில் துண்டு தொங்கினால்தான் மூலை விண்டு போகிறது.

நம் பட்டறைகளில் டேபிள் சாவைவிட அதிகமாகப் புழங்குவது மார்பிள் கட்டர் என்ற 4 அங்குலக் கையியந்திரம். கல் அறுக்கச் செய்த அந்தக் கருவியில் மரவாளை மாட்டி எல்லாவற்றையும் அறுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும் அதில் வேகத்தைக் குறைக்கும் வசதி பெரும்பாலும் கிடையாது. மரவாளுக்கு ஏற்ற மூடுபாதுகாப்பும் இல்லை. அக்ரிலிக்கில் அது உருக்குவது ஒருபுறமிருக்க, உருகிய பிளாஸ்டிக் வாளைப் பிடித்துக்கொண்டால் கருவி பின்னோக்கித் துள்ளும். வேறு வழி இருக்கும்போது இதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

வளைவுகளுக்கு ஜிக்சா. பல் நெருக்கமான, உலோகம் அறுக்கும் அல்லது பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பிளேடைப் போட்டு, பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் அமைப்பைச் சுழியத்தில் வைத்து, வேகத்தைப் பாதி அளவுக்குக் கீழே இறக்க வேண்டும். தகட்டை இருபுறமும் தாங்கவைத்து, கருவியின் அடித்தட்டை அழுத்திப் பிடிக்காவிட்டால் பிளேடு தகட்டைத் தூக்கித் தூக்கி அடித்து விரிசல் விடச் செய்யும். அடியில் ஒரு பழைய எம்.டி.எஃப். பலகையை (மரநாரை அழுத்திச் செய்த பலகையை) பிடித்து, இரண்டையும் சேர்த்தே அறுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். வெட்டு பின்னால் ஒட்டிக்கொள்கிறதென்றால் வேகம் அதிகம் என்று பொருள். ஒவ்வோர் அங்குலத்துக்கும் சற்று நின்று ஆறவிட்டுப் போகலாம். உள்மூலைகள் வரும் வடிவமானால், அறுக்கும் முன்பு ஒவ்வொரு மூலையிலும் ஒரு துளையிட்டு, அந்தத் துளைவரைதான் வாள் வர வேண்டும். கூரான உள்மூலையிலிருந்து விரிசல் தொடங்காத அக்ரிலிக் வேலையை நான் பார்த்ததில்லை.

ஜிக்சாவைக் கொண்டு கோட்டின் மேலேயே அறுக்க முயலாமல், ஒன்றரை இரண்டு மி.மீ. விட்டு அறுத்து, மீதியை டிரிம்மரில் எடுப்பதே நேரான ஓரத்துக்கு வழி. சன்மைக்கா ஓரம் வெட்டும் அதே டிரிம்மர்தான். 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகையின் ஓர் ஓரத்தை மிக நேராக இழைத்துக்கொண்டு, அதை இருபக்க டேப்பால் தகட்டோடு ஒட்டி, பேரிங் உள்ள நேர்பிட்டை (நுனியில் உருளும் வளையம் உள்ள நேரான வெட்டு அலகை) அதன் மேல் உருட்டிச் சென்றால் ஓரம் பலகையைப் போலவே வரும். பிட்டின் கூர் புதிதாக இருக்க வேண்டும். ஒரே சுருள் வெட்டுள்ள பிட் கிடைத்தால் மிக நல்லது, சீவல் வெளியேற அதில் இடம் அதிகம். ஓரத்தைப் பார்த்து நிற்பவர் இடமிருந்து வலமாகக் கருவியை நகர்த்த வேண்டும். மாறாகப் போனால் பிட் தானே ஓடி ஓரத்தைக் கடித்துவிடும். வேகத்தை மாற்ற முடியாத மலிவான டிரிம்மர் நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடும். அதில் ஒரு முறைக்கு ஒரு மி.மீ.க்கு மேல் எடுக்காமல், எங்கும் தங்காமல் விரைந்து போக வேண்டும்.

துளைகள்

மரத்துக்கும் இரும்புக்கும் பயன்படும் சாதாரண டிரில் பிட், தகட்டின் அடிப்புறத்தை எட்டும் கணத்தில் திருகாணி போல உள்ளே இழுத்துக்கொண்டு, துளையைச் சுற்றி விரிசலை விடுகிறது. பிட்டின் இரு வெட்டுவிளிம்புகளையும் நைஸ் சாணைக் கல்லில் ஓரிரு முறை லேசாகத் தேய்த்து, அவற்றின் கூரை மழுக்கிச் செங்குத்தான ஒரு மயிரிழைத் தளம் உண்டாக்கினால், பிட் கடிப்பதை விட்டுச் சுரண்டத் தொடங்கும். அடியில் கட்டை கொடுத்து, தகட்டைக் கட்டையோடு இறுக்கி, மெதுவான வேகத்தில் இறக்க வேண்டும். 10 மி.மீ.க்கு மேற்பட்ட துளைக்குப் படிப்படியாக விட்டம் பெருகும் ஸ்டெப் டிரில் நன்றாக வேலை செய்கிறது. திருகு போடும் துளை, திருகைவிட ஒன்றரை இரண்டு மி.மீ. பெரிதாக இருக்கட்டும். ஒரு மீட்டர் நீளத் தகடு 15 டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டர் நீளும். காலையில் இறுக்கிய திருகு சித்திரை மதியத்தில் தகட்டைப் பிளந்துவிடும்.

ஓரத்தைச் சுரண்டுதல்

இனிதான் வேலையின் சாரம். வாள் விட்டுச்சென்ற வரிகளை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க முயல்வதில்தான் பலருடைய அரைநாள் போகிறது. அதற்கு முன்பே சுரண்டு தகடு ஐந்து நிமிடத்தில் அந்த வரிகளை முழுவதும் எடுத்துவிடும். தச்சர் வைத்திருக்கும் எஃகுச் சுரண்டு தகடே போதும். இல்லாவிட்டால் தேய்ந்த ஹேக்சா பிளேடின் முதுகு. எதுவாக இருந்தாலும், அதன் விளிம்பை நைஸ் அரத்தால் நேர்கோணமாக அராவி, எண்ணெய்க் கல்லில் இருபுறமும் தேய்த்துப் பிசிறை நீக்க வேண்டும். மரத்துக்குச் செய்வது போல விளிம்பை மடித்துக் கொக்கி உண்டாக்கத் தேவையில்லை. இங்கே வெறும் கூர்மூலை நன்றாக வெட்டும்.

தகட்டை, ஓரம் மேல்நோக்கி இருக்க, இரண்டு ரீப்பர்களுக்கு நடுவே வைஸ் என்ற பிடிகருவியில் இறுக்கிக்கொண்டு, சுரண்டு தகட்டை ஏறக்குறைய செங்குத்தாகப் பிடித்து, இழுக்கும் திசையில் சற்றே சாய்த்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மூச்சாக இழுக்க வேண்டும். முதல் நாலைந்து இழுப்பில் வெறும் வெள்ளைப் பொடிதான் வரும். சுரண்டு தகடு வாள்வரிகளின் முகடுகளை மட்டுமே தொடுகிறது, கையிலும் ஒரு கரகரப்புத் தெரியும். பிறகு பொடியோடு அரை அங்குல, ஓர் அங்குலச் சுருள்கள் கலந்து வரும். கரகரப்பு அடங்கி, ஓரத்தின் முழு நீளத்துக்கும் ஒரே நூலாக, வெங்காயச் சருகைப் போல மெல்லிய ஒரு சீவல் சுருண்டு எழும்போது வரிகள் தீர்ந்தன என்று அறியலாம். ஓரம் அப்போது பனி படர்ந்த கண்ணாடி போல ஒரே சீராக மங்கலாக இருக்கும். இழுக்கும்போது கை அதிர்ந்து, ஓரத்தில் அலை அலையாகக் குறுக்குவரி விழுந்தால், அதே கோணத்தில் திரும்பத் திரும்ப இழுப்பது அலையை ஆழமாக்கவே செய்யும்; சுரண்டு தகட்டை ஓரத்துக்குக் குறுக்காக 30 டிகிரி அளவுக்குத் திருப்பிப் பிடித்து இழுத்தால் அலை மறைந்துவிடும்.

இழைப்புளியும் பயன்படும், ஆனால் நீளமான ஓரத்தை நேராக்குவதற்கு மட்டும். அலகைத் தீட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலுக்கு இறக்கிவைத்து, இரு முனைகளிலிருந்தும் நடுப்பகுதியை நோக்கி இழைக்க வேண்டும்; கடைசிவரை தள்ளினால் கோடியில் மூலை பெயரும். சுரண்டியதும், ஓரத்தின் இரு கூர்விளிம்புகளையும் சுரண்டு தகட்டை 45 டிகிரியில் பிடித்து ஓரிரு முறை இழுத்து மழுக்கிவிடலாம். இது ‘ப’ ஓரத்துக்கு மட்டும். ‘ஒ’ ஓரத்தின் விளிம்பை மழுக்கினால் அங்கே ஒட்டு பிடிக்காத பள்ளம் ஒன்று என்றைக்கும் தெரியும்.

‘ம’ ஓரத்தின் வேலை இத்துடன் முடிந்தது. ‘ஒ’ ஓரத்தைச் சமமான கட்டையில் சுற்றிய 320 எண் வாட்டர் பேப்பரால் (ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூட நைசாகும்) நாலைந்து முறை தேய்த்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட வேண்டும்.

தேய்ப்பும் மெருகும்

‘ப’ ஓரத்துக்கு வாட்டர் பேப்பரில் 320, 400, 600, 1000 என்று ஏறி, இன்னும் நல்ல பளபளப்பு வேண்டுமானால் 1500-ஐயும் தொட வேண்டும். தாளை ஒருபோதும் வெறும் விரலால் பிடிக்கக் கூடாது. ஓரம் உருண்டு போய்விடும். வைசில் தகட்டின் இருபுறமும் இறுக்கிய ரீப்பர்களை, அவற்றின் தலைகள் ஓரத்தோடு மட்டமாக இருக்கும்படி வைத்துக்கொண்டால், தேய்க்கும் கட்டை மூன்றின் மீதும் சமமாக ஓடும். தண்ணீர் பட்டால் ரீப்பர் ஊதிக்கொள்ளும் என்பதால், சன்மைக்கா ஒட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகளை இதற்கென்றே வைத்திருக்கிறேன். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக்கொண்டால் தாள் அடைபடாது. தாள் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓரத்தைக் கழுவ வேண்டும். முந்தைய தாளின் ஒரே ஒரு மணல் அடுத்ததில் சேர்ந்தால் போதும், செய்த வேலை வீண்.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. ஈரமாக இருக்கும்போது 400-இல் தேய்த்த ஓரமே கண்ணாடி போலத் தெரியும், ஏனெனில் தண்ணீர் கீறல்களை நிரப்பி மறைத்துவிடுகிறது. துடைத்து, ஊதி உலரவைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால்தான் முந்தைய தாளின் கீறல்கள் இருக்கின்றனவா என்று தெரியும். இருந்தால், அடுத்த தாளுக்குப் போகாமல் அதே தாளில் தொடர வேண்டும். மெருகு கீறலை எடுக்காது. அதைப் பளபளக்கத்தான் வைக்கும்.

1000-க்குப் பிறகு, கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்டைப் பருத்தித் துணியில் தொட்டு, கட்டையில் சுற்றித் தேய்த்தாலே நல்ல மெருகு வரும். ஓரங்கள் நிறைய இருந்தால் டிரில் இயந்திரத்தில் துணிச் சக்கரத்தை மாட்டிக்கொள்ளலாம். சக்கரத்தை அழுத்தாமல், ஓரிடத்தில் ஒரு நொடிகூட நிறுத்தாமல் ஓட்டி, அவ்வப்போது ஓரத்தை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பைத் தாண்டிச் சூடு ஏறியிருந்தால் ஆறவிட வேண்டும். சக்கரம் ஓரத்தின் நடுவிலிருந்து வெளிமுனையை நோக்கிச் சுழலும்படி பிடிப்பதும் அவசியம். கூர்விளிம்புக்கு எதிராகச் சுழன்றால் துண்டைப் பிடுங்கி எறியும்.

தீச்சுடரால் ஓரத்தை நொடியில் பளபளப்பாக்கும் வழி ஒன்று இருக்கிறது. கைவந்தவர்கள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த சுடரில் அதை அழகாகச் செய்வார்கள். சாதாரண கேஸ் டார்ச்சில் நானும் ஒருமுறை முயன்றேன். ஒரு காட்சிப் பெட்டியின் எல்லா ஓரங்களையும், ஒட்ட வேண்டியது எது, வேண்டாதது எது என்று பாராமல், சுடர் காட்டிப் பளபளப்பாக்கி, அன்று மாலையே ஒட்டியும் விட்டேன். இரவு அது கடையில் வாங்கிய பொருளைப் போல இருந்தது. காலையில் பார்த்தால் ஒவ்வோர் ஒட்டிலிருந்தும் மயிரிழை போன்ற நூற்றுக்கணக்கான நுண்விரிசல்கள் தகட்டுக்குள் இறங்கியிருந்தன, ஜன்னல் வெயிலில் அவை ஒவ்வொன்றும் மின்னின. சுடர் ஓரத்தின் மேற்பரப்பை மட்டும் சட்டென்று சூடாக்கி ஆறவிடுவதால் அங்கே உள்ளிறுக்கம் தங்கிவிடுகிறது. ஒட்டப் பயன்படும் கரைப்பான் திரவம் பட்டதும் அந்த இறுக்கம் விரிசலாக வெளிப்படுகிறது. லேசரில் வெட்டிய ஓரத்துக்கும் இதே குறை உண்டு. ஆகவே சுடர் காட்டுவதாக இருந்தால், ஒட்டே இல்லாத துண்டுக்கு மட்டும் காட்ட வேண்டும்.

ஒட்டும் வேலை, சுருக்கமாக

இங்கே பட்டறைகளில் அக்ரிலிக் ஒட்டப் பயன்படுவது குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன். இவை பசை அல்ல. இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்குகின்றன. துண்டுகளைச் சரியான இடத்தில் நிறுத்தி, மூலைமட்டம் வைத்து, டேப்பால் பிடித்துவிட்டு, ஊசிக்குழாயில் எடுத்த திரவத்தைச் சந்தின் ஓரமாக விட்டுச் சென்றால், அது தானாகவே உள்ளே பரவும். வெள்ளிக் கோடாக இருந்த ஒட்டு, திரவம் ஓடஓடத் தெளிந்து மறைவதைப் பார்க்கலாம். மறையாத இடத்தில் ஓரம் சமமாக இல்லை என்று அறிக. இத்திரவங்களின் ஆவி தலைசுற்றலை உண்டாக்கும், தொடர்ந்து சுவாசித்தால் கல்லீரலைக் கெடுக்கும். ஜன்னல் திறந்த அறை போதாது, காற்றோட்டமான திறந்தவெளித் திண்ணையில் செய்வது நல்லது. மெல்லிய ரப்பர் கையுறைகளைச் சில நிமிடத்திலேயே இவை ஊடுருவிவிடும் என்பதால், கையுறையை நம்பித் திரவத்தில் கைவைக்கக் கூடாது. ஒட்டியதை ஒரு முழுநாள் அசைக்காமல் விட வேண்டும்.

மற்றத் தகடுகள்

பார்வைக்கு அக்ரிலிக் போலவே இருக்கும் பாலிகார்பனேட் கீறி ஒடித்தால் ஒடியாது, வளைந்து கொடுக்கும், அதுவே அடையாளம். வாளில் நன்றாக அறுபடும், விரிசல் விடாது. ஆனால் மேற்பரப்பு மென்மையானது, ஓரத்தை அக்ரிலிக் அளவுக்கு மெருகேற்றவும் முடியாது. சுரண்டி விட்டுவிடுவதே உத்தமம். சமையலறை அலமாரிக்குப் புழங்கும் பி.வி.சி. ஃபோம் போர்டு எந்த மரவாளிலும் அறுபடும். அதை மட்டும் கருகவிடக் கூடாது, அந்தப் புகையில் அமில வாயு இருக்கிறது. காய் நறுக்கும் பலகைக்கு வரும் வெள்ளைப் பாலிஎத்திலீன் தகடு இழைப்புளிக்குத் தேக்கைவிட அருமையாக இழையும், ஆனால் எந்தப் பசையும் அதில் நிற்காது.

கடைசியாகத் துடைப்பது

மூடி ஒட்டி இறுகிய பிறகே காகிதத்தை உரிக்க வேண்டும். ஒட்டு வரும் இடங்களில் மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்கு முன்கூட்டியே உரித்து மடித்திருப்போம். பிசின் திட்டுகள் மிச்சமிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எடுத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிடலாம். தின்னர், அசிட்டோன், ஸ்பிரிட், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் அக்ரிலிக்கின் அருகே வரக் கூடாது. துளை, வெட்டு ஓரம், ஒட்டு ஆகிய இடங்களில் அவை நுண்விரிசலைக் கிளப்பும். உரித்த தகட்டில் மின்னூட்டம் ஏறி வெள்ளைத் துகள்கள் அப்பிக்கொண்டிருக்கும். அவற்றை உலர்ந்த துணியால் துடைத்தால் புதுத் தகட்டில் முதல் கீறலை நாமே போட்டுவிடுவோம். குழாயடியில் தண்ணீரை ஓடவிட்டுத் துகள்களைக் கழுவித் தள்ளி, பழகி மெத்தென்றான பருத்தி வேட்டித் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, மூடியைப் பீடத்தின் காடியில் இறக்கலாம். காடி தகட்டின் கனத்தைவிட ஒரு மில்லி மீட்டர் அகலமாக இருந்தால், எந்தப் பருவத்திலும் அது சிக்காமல் இறங்கும்.